சாமி ஏறினா இறங்கவும் தெரியணும்

போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் டீ குடிக்கிறப்போ கேட்டான். "சனி ஞாயிறுல என்னங்ணா பண்ணுவீங்க?"

"சனிக்கிழமை ராத்திரி மட்டும் சாமியா இருப்பேன்"னு சொன்னேன்.

பையன் கிளாஸை வெச்சுட்டு என்னையே பாத்தான். அவன் வேற டீமுக்கு மாத்திக் கேக்கறதுக்குள்ள விளக்கம் சொல்லிட்டேன். உங்களுக்கும் சொல்லிடறேன் மக்களே. ஆனா இந்தப் பதிவு விளையாட்டைப் பத்தினது மட்டும் இல்ல, முன்னாடியே எச்சரிச்சுடறேன்.

சரவணம்பட்டியில ஒரு ஃபிரெண்டோட ஃபிளாட்ல நாங்க அஞ்சு பேரு சனிக்கிழமை ராத்திரி கூடி 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடறோம். 1974-ல அமெரிக்காவில கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேரு சேர்ந்து கொண்டுவந்த விளையாட்டு. கம்ப்யூட்டர் வேண்டாம். பேப்பர், பென்சில், இருவது முகம் இருக்கிற ஒரு தாயக்கட்டை, நிறைய முறுக்கு போதும். ஒருத்தர் கதை சொல்லுவாரு. மத்தவங்க ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கணும். "குகைக்குள்ள ஒரு பூதம் நிக்குது, என்ன பண்றே?"ன்னு அவரு கேப்பாரு. நாம என்ன பண்றோம்னு சொல்லிட்டுக் கட்டையை உருட்டணும். விழுற நம்பரைப் பொறுத்து பூதம் சாகும், இல்லைன்னா நாம சாவோம். அவ்வளவுதான். சின்ன வயசுல வேப்பமரத்தடியில ராஜா மந்திரி விளையாடினோமே, அதுக்கு முந்நூறு பக்கத்துல ரூல் புக் போட்டா எப்படி இருக்கும்? அதான் இது.

மந்திரவாதி, திருடன், பூசாரின்னு நிறைய வேஷம் இருக்கு. எனக்கு எப்பவும் பிடிச்சது பாலடின். சாமிக்குச் சத்தியம் செஞ்சு குடுத்து, அந்தச் சத்தியத்தால சக்தி வாங்கின வீரன். கை வெச்சா காயம் ஆறும், கத்தியில ஒளி வரும். ஆனா 1978-ல வந்த ரூல் புக்ல ஒரு கண்டிஷன் இருந்துச்சு. பாலடின் தெரிஞ்சே ஒரு கெட்ட காரியம் பண்ணினா சக்தி மொத்தமும் போயிடும், திரும்பக் கிடைக்காது. 2014-ல வந்த அஞ்சாவது பதிப்புல இதைக் கொஞ்சம் தளர்த்திட்டாங்க. ஆனா சத்தியம்தான் அடிப்படைங்கறது மாறலை.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அந்தச் சத்தியம் கட்டுறது என்னை மட்டும்தான். நான் பொய் சொல்லக் கூடாது, நான் சரணடைஞ்சவனை வெட்டக் கூடாது. பக்கத்துல உக்காந்திருக்கிற திருடன் வேஷக்காரன் என்ன வேணா பண்ணலாம். அவன் பொய் சொன்னா என் மானம் போகாது. நான் சொன்னாத்தான் போகும். இதை ஞாபகத்துல வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

சரி, பாலடின் எப்படி சாமி ஆனான்?

எங்க கும்பல்ல கதை நடத்துற ஃபிரெண்டுக்கு ஒரு நாள் ஞானோதயம். "எத்தனை நாளைக்குடா டிராகன், எல்ஃப்னு வெள்ளைக்காரன் ஊர்லயே சுத்தறது? நம்மூர்க் கதையை எடுப்போம். அண்ணன்மார் கதை." அஞ்சு பேருமே கொங்கு நாட்டுக்காரங்க. யாருக்கும் கதை சொல்லித் தரவேண்டிய அவசியம் இல்ல. அன்னைக்கு ராத்திரியே நான் சங்கர் ஆயிட்டேன். (பொன்னர் வேஷத்துக்கு ஆளே வரலை. பொன்னர் ரொம்ப சாது, யாருக்கு வேணும்? :-) )

வெளியூர் பதிவர்களுக்காகக் கொஞ்சம். பொன்னர், சங்கர் அண்ணன் தம்பி. அவங்க தங்கச்சி தங்காள், சில ஊர்ல அருக்காணின்னும் சொல்லுவாங்க. அப்பா குன்னுடையாக் கவுண்டர், அம்மா தாமரை. ஊரு பொன்னிவளநாடு. காணி நிலத்துக்குச் சண்டை, வேட்டுவரோட பகை, பகையாளி ஏவின கொம்பன்ங்கிற காட்டுப்பன்னி, நடுநடுவுல மாயம் பண்ணிட்டே இருக்கிற மாயவர்னு போகும். நிறையப் பேருக்கு இது 2011-ல பிரசாந்த் ரெண்டு வேஷத்துல நடிச்ச படமாத்தான் தெரியும். கலைஞர் எழுதின நாவல்ல இருந்து எடுத்தது. ஆனா எங்க பக்கம் இது படமும் இல்ல, நாவலும் இல்ல. ராத்திரி ராத்திரியா உடுக்கை அடிச்சுப் பாடற கதை. 1965-ல காங்கயம் பக்கத்துல ஓலப்பாளையத்துல பிரெண்டா பெக்ங்கிற ஆராய்ச்சியாளர் இந்தப் பாட்டை டேப்ல பதிவு பண்ணினாங்க. 1982-ல அதைப் பத்தி இங்கிலீஷ்ல ஒரு புஸ்தகமும் எழுதினாங்க. அப்புறம் இதை அனிமேஷன் தொடராவே எடுத்தாங்க.

எங்கப்பாரு ஊரும் காங்கயம் பக்கம்தான். அங்க வருஷா வருஷம் கதை பாடி முடிக்கிறப்போ படுகளம் நடக்கும்.

படுகளம் பாக்காதவங்களுக்கு அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. முயற்சி பண்றேன். விரதம் இருந்த ஆம்பளைங்க வேஷம் கட்டி, கத்தி எடுத்து, உடுக்கைச் சத்தத்துக்கு ஆடுவாங்க. விடியக்காலம் நெருங்க நெருங்க உடுக்கை வேகம் ஏறும். பாட்டுல சங்கரோட கடைசி நேரம் வரும். எங்க ஊர்ல பாடற மாதிரி சொல்றேன். சண்டையில யாரும் சங்கரை ஜெயிக்கிறதில்ல. மாயவர் ஒரு பூக்கணை விட்டு, "உன் காலம் முடிஞ்சதுப்பா"ன்னு தெரியப்படுத்துறாரு. அதைப் புரிஞ்சுக்கிட்டு சங்கர் தன்னோட கத்தி மேல தானே விழறாரு. அந்த இடம் பாடறப்போ ஆடிட்டிருந்தவங்க ஒவ்வொருத்தரா அருள் வந்து பொத்துன்னு சாய்வாங்க. வேடிக்கை பாக்க வந்தவங்க சிலபேரும் சாய்வாங்க. பொணம் மாதிரி வரிசையாப் படுக்க வெச்சு வெள்ளைத்துணி போத்திடுவாங்க. அப்புறம் தங்காள் வருவா. அண்ணனுகளைத் தேடி அழுதுட்டே வருவா. கூட கன்னிமாரா நிக்கிற சின்னப் பொண்ணுங்க தீர்த்தக் குடம் எடுத்துட்டு வருவாங்க. தீர்த்தம் தெளிச்சு, ஒவ்வொருத்தரா எழுப்புவாங்க.

எழுந்து உக்காருற ஆளைப் பாக்கணும். கண்ணு திறந்து, சுத்தி முத்தி பாத்து, "தண்ணி குடு"ன்னு கேப்பாரு. அஞ்சு நிமிஷம் முன்னாடி சாமி. இப்போ நம்ம பஞ்சு மில்லுல ஷிஃப்டு பாக்கிற மாமா. யாராவது ஒரு சொம்பு தண்ணியும் வேட்டியும் குடுப்பாங்க. காலைல ஒம்பது மணிக்குப் பாத்தா அவரு டீக்கடையில தினத்தந்தி படிச்சிட்டிருப்பாரு.

நான் சொல்ல வர்றது இந்த இடம்தான். நாங்க கட்டை உருட்டி விளையாடறதுக்கும் ஊர்ல நடக்கிற படுகளத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கு. ஒண்ணு பொழுதுபோக்கு, ஒண்ணு பக்தி. ரெண்டையும் ஒரே தராசுல வைக்கலை, யாரும் அருவா தூக்கிட்டு வராதீங்க. ஆனா ஒரு விஷயம் ரெண்டுலயும் ஒண்ணுதான். சாமியா இருக்கிறதுக்கு நேரம் இருக்கு, எல்லைக்கோடு இருக்கு, இறக்கி விட ஆள் இருக்கு. எங்க விளையாட்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபிரெண்டு புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு, "யாருடா பிளேட் கழுவறது?"ன்னு கேப்பான். அதுதான் எங்களுக்குத் தீர்த்தம்.

1980-கள்ல அமெரிக்காவில இந்த விளையாட்டு மேல பெரிய பயம் இருந்துச்சு. பசங்க பூசாரி, மந்திரவாதி வேஷத்துல மூழ்கிப் போய், நிஜம் எது வேஷம் எதுன்னு தெரியாம சாத்தானைக் கும்பிடுவாங்க, செத்துப் போவாங்கன்னு பேசினாங்க. மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த ஒரு அம்மா 1983-ல இதை எதிர்த்து ஒரு அமைப்பே ஆரம்பிச்சாங்க. அந்தம்மாவோட துக்கத்தை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா விளையாட்டுதான் காரணம்னு யாரும் நிரூபிக்கலை. வேஷம்னு தெரிஞ்சு வேஷம் போடறவன் பெரும்பாலும் பத்திரமா வீட்டுக்கு வந்துடறான்.

ஆபத்து, வேஷம்னே தெரியாம வேஷம் போட்டுட்டுத் திரியறவங்க கிட்டத்தான்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

எங்க பெரியப்பா ரொம்ப வருஷமா எங்க ஊர்ப் படுகளத்துல சங்கரா விழறவரு. ஒரு மண்டலம் விரதம் இருப்பாரு. செருப்புப் போட மாட்டாரு. பொய் பேச மாட்டாரு, அந்த நாள்ல கடன்காரன் கிட்டக்கூட! நான் பாலடின் வேஷம் எடுக்கிறப்போ மனசுல நினைச்சுக்கிற உருவமே அவருதான். தங்காள் அழுதுட்டு வர்ற கட்டத்துல, வெள்ளைத்துணிக்குக் கீழ படுத்திருக்கிற அவரு கண்ணுல தண்ணி வழியறதை நான் சின்ன வயசுல பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்.

அவரு பொண்ணு எனக்குத் தங்கச்சி முறை. நாங்க அம்மிணின்னு கூப்பிடுவோம். பத்து வயசுல அவளும் கன்னிமாரா நின்னு தீர்த்தக் குடம் எடுத்திருக்கா. அவ ரெண்டு வருஷம் முன்னாடி வேற சாதிப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. நல்ல பையன், நல்ல வேலை, அதெல்லாம் இங்க யாருக்கு வேணும்? அன்னைக்குச் சாயங்காலம் பெரியப்பா வீட்டுத் திண்ணையில சொந்தக்காரங்க இருவது பேரு கூடினாங்க. "மானம் போச்சு." "நம்ம கௌரவம் என்னாகிறது?" "ஊர்ல எப்படித் தலை நிமிர்ந்து நடக்கறது?" ஆளாளுக்கு ஒரு சங்கர். ஆளாளுக்கு ஒரு கத்தி.

எங்க வீட்டுல யாரும் யாரையும் அடிக்கலை. அந்த அளவுக்குச் சொல்லிக்கலாம். பெரியப்பா எல்லாரையும் பாத்து, "இனி அவ எனக்கில்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டாரு.

நான் எங்க இருந்தேன்? அதே திண்ணையில, தூணைப் பிடிச்சிட்டு, போனைப் பாத்துட்டு. போன்ல அவ மெசேஜ் வந்திருந்துச்சு. "அண்ணா, நீயாவது ஒரு வார்த்தை பேசுண்ணா." பேசலை. பதிலும் போடலை. அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல ஃபிளாட்டுக்குப் போய், பேப்பர்ல எழுதி வெச்ச ஒரு கிராமத்தைக் காப்பாத்தறதுக்காக என் பாலடின் உயிரைக் குடுத்தான். எல்லாரும் கை தட்டினாங்க. பழைய ரூல்படி பாத்தா அன்னைக்கு அவனுக்குச் சக்தியே இருந்திருக்கக் கூடாது.

கொங்கு நாட்டுல இருந்துட்டு இந்த விஷயத்தை விளையாட்டாப் பேச முடியாதுங்க. 2015 ஜூன்ல கோகுல்ராஜ், இன்ஜினியரிங் முடிச்ச பையன். பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்துல பொணமாக் கிடந்தாரு. வேற சாதிப் பொண்ணோட பேசினதுக்காகக் கொன்னதுன்னு வழக்கு நடந்து 2022-ல தண்டனை வந்துச்சு. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பட்டப்பகல்ல, சாதி மறுத்துக் கல்யாணம் பண்ணின ஒரு இன்ஜினியரிங் மாணவரை வெட்டிக் கொன்னாங்க. சிசிடிவியில நாமெல்லாம் பாத்தோம். அவரு பேரும் சங்கர்தான். தீர்த்தம் தெளிச்சு எழுப்ப முடியாத சங்கர்.

அந்த வீடியோவை எத்தனை பேரு எந்தெந்த மாதிரி பாத்தாங்கன்னு நமக்குத் தெரியும். நானும் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சவன். ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்ல இருந்து, "செஞ்சது தப்புத்தான், ஆனாலும்..."னு ஆரம்பிக்கிற பேச்சை என் வயசுப் பசங்க வாயால கேட்டிருக்கேன். அந்த 'ஆனாலும்'லதான் எல்லாம் இருக்கு.

மானம், கௌரவம்னு சொல்றோமே, அது யாரைக் கட்டணும்? விளையாட்டுல அது சத்தியம் செஞ்சவனைக் கட்டுது. படுகளத்துல விரதம் இருக்கிறவனைக் கட்டுது. கத்தி எடுத்த சங்கர்கூடக் கடைசியில தன்மேலதான் அதை வாங்கிக்கிறாரு. ஆனா தெருவுல பேசற கௌரவம் பேசறவனை ஒண்ணும் கேக்கறதில்ல. அவன் பொய் சொல்லலாம், குடிக்கலாம், வட்டிக்கு விட்டு ஊரை உறிஞ்சலாம், கௌரவம் கொறையாது. வீட்டுப் பொண்ணு யாரோட பைக்ல போறாங்கறதுலதான் அவன் கௌரவம் மொத்தமும் இருக்கு. தன்னோட மானத்தைத் தூக்கி இன்னொருத்தி தலையில வெச்சுட்டு, அவ அசைஞ்சா வெட்டுவேன்னு சொல்றது வீரமா? எந்த ரூல் புக்லயும் இப்படி ஒரு வீரன் கிடையாது.

"அப்போ அண்ணன்மார் கதையே தப்புன்னு சொல்றியா?"ன்னு கேப்பீங்க. இல்லைங்க. அந்தக் கதையில சாதி இருக்கு, பகை இருக்கு, நான் மறைக்கலை. எங்க விளையாட்டுல தலையூர்க்காளி வேஷம் எடுத்தவன் வேட்டுவக் கவுண்டர் வீட்டுப் பையன். மூணாவது வாரம் கட்டையை உருட்டாம கையில வெச்சுட்டே கேட்டான். "எப்பவும் நாங்க பன்னியை ஏவுறவங்களாவே வர்றமே, எங்க காட்டை வெட்டி வயலாக்கினது யாருடா?" ஒருத்தருக்கும் பதில் இல்ல. அந்த ராத்திரி வேஷத்தை மாத்திக்கிட்டோம். நான் தலையூர்க்காளி ஆனேன், அவன் சங்கர். எதிர்ப்பக்கம் உக்காந்து என்னையே பாக்கறது எனக்கு ரொம்ப சங்கடமா இருந்துச்சு. நல்ல சங்கடம். கழட்ட முடிஞ்ச வேஷத்தைத்தான் மாத்திக்க முடியும். பொறந்ததுல இருந்து கழட்டாம போட்டிருக்கிறவன் எதிர்ப்பக்கம் எப்படிப் போவான்?

இந்தக் கதையிலயே எனக்குப் பெருசாத் தெரியறது சங்கரோட கத்தி இல்ல. கத்தி எல்லாம் களத்துல விழுந்து கிடக்குது. கடைசியில வேலை செய்யற மந்திரம் ஒரு பொண்ணு கையில இருக்கிற தண்ணி. ஊர் மொத்தமும் அதைப் பாத்துட்டு, கண்ணைத் துடைச்சுட்டு, வீட்டுக்கு வந்து பெத்த பொண்ணு கிட்டப் பேசாம இருக்கு. சாமியாடறது தப்பில்ல. ஏறின சாமி இறங்கணும். இறங்கினா அப்பாவா, அண்ணனா, மனுஷனா இருக்கணும். அவ்வளவுதான் என் கட்சி.

போன மாசம் படுகளம் முடிஞ்சு, விடிஞ்சும் விடியாம ஊர் எல்லையில நின்னு அம்மிணிக்குப் போன் பண்ணினேன். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம். எடுக்க மாட்டான்னு நினைச்சேன். எடுத்தா. என்ன பேசறதுன்னு தெரியாம, "படுகளம் இப்பத்தான் முடிஞ்சுது"ன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டா. "இந்த வருஷம் தீர்த்தக் குடம் யாருண்ணா எடுத்தாங்க?"

சொன்னேன். அப்புறம் அவளே கேட்டா. "அப்பா எந்திரிக்கிறப்போ யாரு தண்ணி குடுத்தா?"

"நான்தான்"னேன். அவ அழுதா. நானும்தான், இதுல என்ன மறைக்க வேண்டியிருக்கு.

வீட்டுக்கு வந்து பெரியப்பா கிட்ட, "பாப்பாட்ட பேசினேனுங்க பெரியப்பா"ன்னேன். அவரு பேப்பரை மடிச்சு வெச்சாரு. திட்டுவாருன்னு நினைச்சேன். "நல்லா இருக்காளாமா?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காம உள்ள போயிட்டாரு. அவ்வளவுதான் இதுவரைக்கும். இருவது முகக் கட்டையில இது பெரிய நம்பர் இல்ல. ஆனா ஒண்ணும் இல்ல.

டிஸ்கி: பொன்னர் வேஷம் இன்னும் காலியாத்தான் இருக்கு. கோயமுத்தூர்ல இருக்கிற, சனிக்கிழமை ராத்திரி வேலை வெட்டி இல்லாத, சாதுவான பதிவர்கள் பின்னூட்டத்துல கை தூக்கவும். முறுக்கு நீங்கதான் வாங்கிட்டு வரணும். :-)